ரப்பர் முகமூடியும் அதற்கேற்ற வண்ணமும்

(நமது சங்கத்தின் நாடகப் பிரிவினர் நடத்திய ஒப்பனைப் பயிற்சியின் நிறைவு நாளன்று ஆற்றிய உரை)



இச்சங்கத்தின் மேடையில் இலக்கியம் பேசியோர் பலர். இசை பாடியோர் பலர். நானோ 1987-ஆம் ஆண்டில் பிழைப்பை நாடி இம்மாநகருக்கு வந்த நாள் முதலாகத் திரைக்குப் பின்னால் நின்றே பழகியவன். திரைக்கு முன்னால் வந்து பேசு என்று செயலாளர் கட்டளையிட்டபோது, 'எதைப் பற்றி?' என்று கேட்டேன். 'உமக்குத் தெரிந்ததைப் பற்றி' என்றார். எனக்குத் தெரிந்தது ஒன்றே. முகமூடிக்கு வண்ணம் பூசுவது எப்படி என்பதே அது. அதையும் நான் பிழை செய்தே கற்றேன். அப்பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

1996-ஆம் ஆண்டில் 'அவ்வை சண்முகி' திரைப்படம் வெளிவந்தது. அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோரின் கைவண்ணத்தில் கமல்ஹாசன் அவர்கள் வயது முதிர்ந்த மாமியாக மாறி நின்றதை நாமெல்லோரும் கண்டு வியந்தோம். அதே ஆண்டில் 'இந்தியன்' படத்திலும் அவரை முதியவராகக் கண்டோம். அவ்வியப்பு நம் நாடகப் பிரிவையும் பற்றிக் கொண்டது. 1998-ஆம் ஆண்டு விழாவுக்கு நாம் தேர்ந்த நாடகத்தில், பிழைப்புக்காக வடக்கே சென்ற மகனை எதிர்நோக்கி ஊரில் காத்திருக்கும் எண்பது வயதுத் தந்தை ஒருவர் வருவார். அவ்வேடத்தை இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவருக்குக் கொடுத்தோம். நல்ல குரல்; தெளிந்த உச்சரிப்பு. நடித்துக் காட்டிய முதல் நாளே எங்கள் கண்களைக் கலங்க வைத்தவர். அவருக்கு ரப்பரால் ஒரு முதியவர் முகம் செய்யும் பொறுப்பை நான் ஏற்றேன்.

முகமூடி நன்றாகவே அமைந்தது. அதற்கு வண்ணம் பூச எண்ணியபோது, என் வீட்டுச் சன்னலுக்குப் பூசி மீந்திருந்த எனாமல் டப்பா கண்ணில் பட்டது. இரும்பிலும் மரத்திலும் ஆண்டுக்கணக்காக நிற்கும் வண்ணம், ரப்பரில் நில்லாதா என்று எண்ணினேன். பழுப்பும் வெள்ளையும் கலந்து இரண்டு பூச்சுப் பூசினேன். மேசைமீது வைத்துப் பார்த்தபோது எல்லோரும் பாராட்டினர்.

விழா நாள் வந்தது. இறுதிக் காட்சி. மகன் வாரான் என்று கடிதம் கூறுகிறது. தந்தை வாய்விட்டு அழ வேண்டும். இளைஞர் வாயைத் திறந்தார். அக்கணமே வாயின் இரு புறமும் வண்ணம் பாளம் பாளமாக வெடித்தது. சில்லுகள் அவருடைய கறுப்புச் சால்வையின்மேல் உதிர்ந்தன. முன்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு அவையே சிரித்தது. உள்ளிருந்தவருக்குக் காரணம் விளங்கவில்லை. மேலும் உருக்கமாக அழுதார். மேலும் உதிர்ந்தது.

திரை விழுந்த பின்னர் நான் அவரிடம் சொன்ன சொல்லை இன்று உங்கள் முன்னிலையில் ஒப்புக் கொள்கிறேன். 'தம்பி, இவ்வளவு அகலமாக வாயைத் திறந்திருக்க வேண்டாம்' என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. அதற்குப் பின் அவர் நம் மேடையில் ஏறவுமில்லை. சில மாதங்களில் வேலை மாற்றம் பெற்று வேறு நகருக்குச் சென்றுவிட்டார்.

குறை அவருடைய வாயில் இல்லை, என் டப்பாவில்தான் இருந்தது என்பதை அறிய எனக்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின. அவ்வறிவையே இன்று உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

முதலில், எதன்மேல் பூசுகிறோம் என்பதை அறிய வேண்டும். லேடெக்ஸ் என்பது ரப்பர் மரத்தின் பால். தென் அமெரிக்கக் காடுகளுக்கு உரிய அம்மரத்தின் விதைகளை 1876-இல் ஹென்றி விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. மலாயாவின் தோட்டங்களில் அம்மரங்களோடு தம் வாழ்நாளைக் கழித்தவர்களுள் நம் தமிழர் பல்லாயிரவர். அவர்கள் அதற்குப் 'பால்மரம்' என்று பெயரிட்டனர். இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் அம்மரம் செழிக்கிறது. ஆகவே இப்பொருள் நமக்கு அந்நியமானது அன்று.

மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். அதைச் சுழற்றிச் செறிவாக்கி, 60 விழுக்காடு ரப்பர் உள்ளதாக விற்கின்றனர். பால் திரிந்து போகாதிருக்க அமோனியா சேர்க்கின்றனர். டப்பாவைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் நெடி அதனுடையதே. இப்பாலைப் பிளாஸ்டர் அச்சினுள் ஊற்றினால், பிளாஸ்டர் நீரை உறிஞ்சிக் கொள்ள, அச்சின் சுவரை ஒட்டி ரப்பர்த் தோல் ஒன்று படியும். மீந்த பாலைக் கவிழ்த்து எடுத்துவிட்டு, உலர்ந்ததும் உரித்தால் அதுவே முகமூடி.

இத்தோலுக்கு இரண்டு இயல்புகள் உண்டு. ஒன்று, இழுத்தால் பன்மடங்கு நீளும், விட்டால் மீளும். மற்றொன்று, சில பொருள்கள் அதற்கு நஞ்சு. இவ்விரண்டையும் மனத்தில் இருத்தியவர் வண்ணத்தில் தவறார்.

இனி, வண்ணம் என்பது யாது என்று காண்போம். எந்த வண்ணத்திலும் மூன்று உறுப்புகள் உண்டு: நிறப்பொடி, பசை, கரைப்பான். நிறப்பொடி கண்ணுக்கு நிறம் தருவது. பசை அப்பொடியைப் பற்றி நிறுத்துவது. கரைப்பான் பூசுவதற்கு உதவிவிட்டு ஆவியாகிப் போவது. நாம் கடையில் நிறத்தைப் பார்த்தே வாங்குகிறோம். ஆனால் நிற்பதும் உதிர்வதும் பசையைப் பொறுத்தவை.

இவ்வுண்மையை இந்நகரத்துக் குமார்துலியில் கண்கூடாகக் காணலாம். துர்க்கை பூசைக்குச் சிலை வனையும் கைவினைஞர்கள், களிமண்மேல் வெண்சுண்ணப் பூச்சிட்டு, நிறப்பொடியைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பூசுவர். களிமண் அசையாதது, புளியங்கொட்டைப் பசையும் அசையாதது. ஆகவே இரண்டும் ஒத்துப் போகின்றன. அதே வண்ணத்தை ரப்பரின்மேல் பூசினால், முதல் அசைவிலேயே பொடியாய் உதிரும். குறை புளியங்கொட்டையில் இல்லை. இடம் அறியாது பூசியவனிடமே உள்ளது.

எனாமல் வண்ணத்தின் கதை இதனினும் கேடானது. அது உலர்ந்தால் கடினமான ஓடு போல் இறுகும். ரப்பர் நீள, ஓடு நீளாது, ஆகவே வெடிக்கும். இது கண்ணுக்குத் தெரியும் கேடு. தெரியாத கேடு ஒன்றும் உண்டு. எண்ணெய் ரப்பருள் ஊறி அதைப் பதம் கெடச் செய்யும். மேலும், எனாமல் விரைந்து உலர்வதற்காகச் சேர்க்கப்படும் உலோக உப்புகளுள் மாங்கனீசு போன்றவை இருத்தல் கூடும். செம்பும் மாங்கனீசும் இயற்கை ரப்பருக்குப் பகைகள் என்பது ரப்பர்த் தொழிலார் நெடுங்காலமாய் அறிந்த உண்மை. காற்றிலுள்ள பிராணவாயு ரப்பரை அரிப்பதை அவை பன்மடங்கு விரைவாக்குகின்றன.

செம்பின் கேட்டையும் நான் பட்டே அறிந்தேன். எமதர்மன் முகமூடி ஒன்றின் கிரீடத்துக்குக் கடையில் கிடைக்கும் பொன்னிறப் பொடியைக் குழைத்துப் பூசினேன். அப்பொடி பொன் அன்று; செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத் தூள். விழா முடிந்து பெட்டியில் வைத்த கிரீடத்தைச் சில மாதங்கள் கழித்து எடுத்தபோது, பாகு வெல்லம் போல் விரலில் ஒட்டியது. இன்னும் சில மாதங்களில் காய்ந்து நொறுங்கியது. முகம் அப்படியே இருந்தது. கிரீடம் மட்டும் அழிந்தது. பொன்னிறம் வேண்டுமாயின், உலோகம் கலவாமல் அபிரகத் தூளால் மினுக்கம் தரும் வண்ணத்தை வாங்குங்கள். இதே காரணத்தால், லேடெக்ஸைப் பித்தளைச் சொம்பிலோ செம்புப் பாத்திரத்திலோ ஒருபோதும் கலக்காதீர்கள். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ போதும். செம்பு கலந்த நிறங்கள் யாவுமே தீயன என்று அஞ்சவும் வேண்டா. தாலோ நீலம், தாலோ பச்சை ஆகியவற்றில் செம்பு இறுகப் பிணைந்து கிடப்பதால், அவற்றை ரப்பர்த் தொழிலிலேயே பயன்படுத்துகின்றனர்.

நிற்க. எதைப் பூச வேண்டும் என்பதற்கு வருவோம். சுருங்கச் சொன்னால், ரப்பருக்கு ரப்பரே பசை. அல்லது ரப்பரைப் போல் நீளும் பசை வேண்டும். வழிகள் மூன்று.

முதல் வழி, நமக்கு எளியது. அக்ரிலிக் வண்ணத்தை லேடெக்ஸிலேயே கலப்பது. முதற் பூச்சுக்கு மூன்று பங்கு லேடெக்ஸுக்கு ஒரு பங்கு வண்ணம் என்னும் அளவு எனக்குப் பொருந்தி வந்திருக்கிறது. மேற்பூச்சுகளில் வண்ணத்தைச் சற்று மிகுதியாக்கலாம். சரிபாதிக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. லேடெக்ஸ் ஈரமாக இருக்கையில் பால் வெண்மை. உலர்ந்தால் தேன் நிறக் கண்ணாடி. ஆகவே கிண்ணத்தில் வெளிறித் தெரியும் கலவை, உலர்ந்ததும் கருத்துப் போகும். புதியவர்கள் இங்கேதான் ஏமாறுவர். கிண்ணத்தை நம்பாதீர்கள், ஒரு துணுக்கு ரப்பரில் பூசி, உலரவிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கலக்கும்போது லேடெக்ஸில் வண்ணத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து மெதுவாகக் கிளறுக. வேகமாக அடித்தால் நுரை எழும். அந்நுரை முகத்தில் அம்மைத் தழும்பாகும். புளிப்பான எதுவும் அதில் சேரலாகாது. பாலில் எலுமிச்சை பிழிந்தது போல் லேடெக்ஸ் திரிந்துவிடும். சில வண்ணங்கள் சேர்ந்தவுடனேயே திரியச் செய்யும். ஆதலின் முதலில் ஒரு கரண்டி அளவில் கலந்து பார்ப்பது நன்று. பிரஷ்ய நீலத்தையும் விலக்குக. அமோனியாவின் காரத்தன்மையில் அதன் நீலம் மாண்டு பழுப்பாகும். தூரிகையைச் சோப்பு நீரில் நனைத்த பின்னரே லேடெக்ஸில் தோய்க்க வேண்டும். இல்லையேல் மயிரெல்லாம் ஒட்டிக்கொண்டு, தூரிகை குச்சியாகிவிடும்.

இரண்டாம் வழி, ரப்பர் சொல்யூஷனில் வண்ணம் குழைப்பது. சைக்கிள் கடையில் டியூப் ஒட்டுவதற்கு உதவும் அதே இனம். ஓவியர்களின் டியூப் எண்ணெய் வண்ணத்தை ஓரிரவு உறிஞ்சுதாளில் பரப்பி வைத்தால், எண்ணெயின் பெரும் பகுதி தாளில் இறங்கிவிடும். எஞ்சிய நிறக் களியைச் சொல்யூஷனில் குழைத்து, வெள்ளைப் பெட்ரோலால் நீர்க்கச் செய்து பூசுவர். அக்கரைப்பான் ரப்பரின் மேற்புறத்தைச் சற்றே இளக்குவதால், வண்ணம் தோலோடு தோலாய்ப் பற்றிக் கொள்ளும். மிகவும் உறுதியானது, ஆனால் மிகவும் எளிதில் தீப்பற்றக் கூடியது. வீட்டுக்குள், அடுப்பங்கரைக்கு அருகில், சிறுவர் நடமாட்டத்தில் இதைச் செய்தல் கூடவே கூடாது. நம் பயிற்சியில் இதைத் தவிர்த்ததன் காரணம் அதுவே.

மூன்றாம் வழி, ஹாலிவுட்டின் ஒப்பனை மேதை டிக் ஸ்மித் வகுத்தது. 1970-இல் வெளிவந்த 'லிட்டில் பிக் மேன்' படத்தில் டஸ்டின் ஹாஃப்மனை 121 வயதுக் கிழவராக மாற்றிக் காட்டியவர் அவர். ஒப்பனைத் துண்டுகளை முகத்தில் ஒட்டப் பயன்படும் நீளும் பசையோடு அக்ரிலிக் வண்ணத்தைக் கலந்து அவர் பயன்படுத்தினார். அக்கலவைக்குப் 'பாக்ஸ்' என்று பெயர். சிறந்தது, விலைதான் நம் கைக்கு எட்டாதது.

எவ்வழியாயினும், பூசுவதற்கு முன் முகமூடியைச் சோப்பு நீரில் கழுவி நன்கு உலர்த்த வேண்டும். பூசி உலர்ந்த பின், மூன்று சோதனைகள் செய்யுங்கள். இழுத்துப் பாருங்கள், மடித்துக் கசக்கிப் பாருங்கள், ஒட்டுநாடாவை அழுத்திப் பிய்த்துப் பாருங்கள். இம்மூன்றையும் தாங்கிய வண்ணமே மேடை ஏறத் தக்கது. 1998-இல் நான் இழுத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் உண்மை விளங்கியிருக்கும்.

அடுத்து, நிறம். மனிதத் தோலுக்கு ஒரே நிறம் இல்லை. நம்மில் ஒருவரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள்: நெற்றியில் மஞ்சள் சாயல், மூக்கு, கன்னம், காது இவற்றில் செம்மை, ஆடவர் தாடையில் மயிர்க்கால்களின் நீலச் சாயல். ஒரே பழுப்பை முகம் முழுவதும் பூசினால் அது மரப்பாச்சியாகும். நம்மவர் தோலுக்கு அடிப்படையாகச் செங்காவியும் மஞ்சட்காவியும் கலந்து, சிறிது வெள்ளையும் ஒரு துளி நீலமும் சேர்த்தால் போதும். கருமை வேண்டும் என்று கறுப்பைக் கொட்டாதீர்கள்; தோல் சாம்பல் பூத்துப் போகும். நீலமும் செம்மையும் சற்றே மிகுந்தால் உயிருள்ள கருமை பிறக்கும்.

அடிப்பூச்சு உலர்ந்ததும், அடர்ந்த செம்பழுப்பை நீர்த்த கலவையாக்கிச் சுருக்கங்களில் பாயவிட்டு, மேட்டில் நின்றதை ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பள்ளத்தில் நிற்பது முதுமையாய்த் தோன்றும். பின்னர்க் கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டால் செம்மை, மஞ்சள், நீலப்பச்சை ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் புள்ளி புள்ளியாய் ஒற்றுக. அருகில் பார்த்தால் அலங்கோலம். பத்தடி விலகி நின்றால் தோல். இறுதியில் உலர்ந்த தூரிகையால் கன்னமேட்டிலும் மூக்கின் முதுகிலும் வெளிறிய நிறம் தடவினால் முகம் எழுந்து நிற்கும்.

இதை எந்த விளக்கில் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். செவ்விளக்கில் செங்கோடுகள் மறைந்துவிடும். பச்சை விளக்கில் அவையே கறுப்பாகும். மஞ்சள் விளக்கில் நீல நரம்புகள் சாம்பலாகும். ஆகவே விழாவுக்கு முந்திய ஒத்திகையில், அதே விளக்குகளின் கீழ், கடைசி வரிசையில் அமர்ந்து ஒருமுறை பார்த்துவிடுக.

பாதுகாப்பு குறித்து ஓரிரு சொற்கள். லேடெக்ஸ் சிலருடைய உடலுக்கு ஒவ்வாது. அரிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாகலாம். அணிபவரை முன்னரே கேட்டறிதல் நம் கடமை. சன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்க. அணியும் முன் முகத்தில் தேங்காயெண்ணெய் தடவும் பழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். முகத்துக்கும் முகமூடியின் உட்புறத்துக்கும் பவுடர் போதும். வேலை முடிந்தபின் வெயில் படாத பெட்டியில், உள்ளே தாள் திணித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்தால் பல ஆண்டுகள் நிற்கும்.

அன்பர்களே, என் உரையை முடிக்கும் நேரம் வந்துவிட்டது. 2023-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு திருமணத்தில் அவ்விளைஞரை எதிர்பாராது கண்டேன். இளைஞர் என்கிறேன்; அவருக்குக் காதோரம் நரைத்துவிட்டது. வண்ணம் பூச வேண்டிய தேவையே இல்லை. உணவுப் பந்தியில் அருகருகே அமர்ந்தோம். எனாமல், எண்ணெய், மாங்கனீசு என்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். 'பிழை என்னுடையது, அன்று உங்களைக் கடிந்து கொண்டதற்கு மன்னிக்க வேண்டும்' என்றேன். அவர் இலையைப் பார்த்தபடியே சிறிது நேரம் இருந்தார். பின்னர், 'அண்ணா, நான் மிகையாக நடித்துவிட்டேன் என்றே இத்தனை ஆண்டுகளாக எண்ணியிருந்தேன்' என்றார்.

இருபத்தைந்து ஆண்டுகள்! ஒரு டப்பா வண்ணத்தை மாற்றி எடுத்ததன் விலை அது. திரைக்குப் பின்னால் நிற்பவனின் அறியாமையைத் திரைக்கு முன்னால் நிற்பவன் சுமக்கிறான். இதை நீங்கள் மறவாதிருந்தால், நான் இன்று சொன்ன அளவுகளையெல்லாம் மறந்தாலும் குற்றமில்லை. இழுத்துப் பார்க்கும் பழக்கம் தானே வந்துவிடும்.

இவ்வாண்டு நாடகத்தில் அதே முதியவர் வேடம் மீண்டும் வருகிறது. முகமூடி அணியும் தம்பி இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பூசிய வண்ணத்தை நேற்று நானே இழுத்தும் கசக்கியும் பார்த்தேன். தம்பி, நீ விரும்பிய அளவு வாயைத் திறந்து அழலாம். தடையில்லை.